ஐஸில் வைத்த ரத்தம்

டிசம்பர் 2

நர்ஸம்மா எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு டைரி ஒரு கேடா என்று கேட்டேன். "உடம்புக்கு என்ன பண்ணுதுன்னு தினமும் எழுதிட்டு வாங்க. இங்க வந்து உக்காந்ததும் உங்களுக்கு எல்லாம் மறந்துபோகுது, டாக்டரைக் கிண்டல் பண்றது மட்டும் மறக்க மாட்டேங்குது" என்றாள். இந்த டைரி ஐஸ் கம்பெனியில் கொடுத்தது. என் வீட்டுக்காரர் சந்தியாகு அங்கேதான் ஐஸ் கட்டி இறக்குகிறார். போன வருஷத்து டைரி. கிழமை ஒத்துவராது. தேதி ஒத்துவந்தால் போதும்.

என்ன பண்ணுகிறது என்றால், விடிகாலையில் ஏலம் எடுத்த மீனுக்கு ஐஸ் போடும்போது விரல் நுனி நீலமாகிறது. காது மடலும் மூக்கு நுனியும் அப்படித்தான். வெயில் ஏறினால் சரியாகிவிடும். ஒன்றுக்குப் போனால் கட்டங்காப்பி நிறத்தில் போகிறது. நாலு படி ஏறினால் மூச்சு இரைக்கிறது. மற்றபடி ராணி மாதிரி இருக்கிறேன்.

என்ன வேலை என்று டாக்டர் கேட்டார். வியாபாரம் என்றேன். ஆஸ்பத்திரியில் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். மீன் என்று சொன்னால் பக்கத்தில் இருப்பவள் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு நகர்ந்து உட்காருவாள். என்ன வியாபாரம் என்று டாக்டரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

டிசம்பர் 4

எனக்கு என்ன நோய் என்று கடற்கரையில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கும் டாக்டருக்கும்தான் தெரியவில்லை.

ஞானப்பூ மைனி காமாலை என்கிறார். இவர் என் வீட்டுக்காரரின் அக்கா, கருவாட்டு வியாபாரம். கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கி, நான் குடித்து முடிக்கும்வரை எதிரே நின்றார்.

"ஏட்டி, கண்ணாடியில கண்ணைப் பாத்தியா? மஞ்சளா கெடக்கு."

"உங்க கருவாட்டைப் பாத்துப் பாத்து அப்படி ஆயிட்டு மைனி."

"வாயில மட்டும் ஒரு நோயும் வராது ஒனக்கு."

மருந்துக்கடைக்காரர் நரம்புத் தளர்ச்சி என்று ஒரு பாட்டில் டானிக் கொடுத்தார். ஏலக்காரர் கண்பட்டுவிட்டது என்கிறார். என் மூஞ்சியை யார் கண் வைத்துப் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டேன்.

ரத்தம் குறைவு என்று டாக்டர் சொன்னதிலிருந்து எனக்கு ஒரே யோசனை. குறைந்த ரத்தம் எங்கே போகிறது? மீனை அறுத்தால் பலகையில் ரத்தம் தெரியும். எனக்கு ஒரு வெட்டுக்காயம் இல்லை. மாதவிலக்கும் நின்றுபோய் நாளாச்சு. உள்ளேயே எங்கோ போய்க்கொண்டிருக்கிறது. எங்கே என்று பார்க்க வேண்டும்போல இருக்கிறது.

டிசம்பர் 5

இன்று கக்கூஸில் விளக்குப் போடவில்லை. நிறம் தெரியவில்லை.

டிசம்பர் 8

தூத்துக்குடியில் ஒரு ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். நேற்று நடந்ததை முதலில் எழுதிவிடுகிறேன், சிரிப்பு ஆறிப்போவதற்குள்.

ஊரில் டாக்டர் நவநீதன் காலையிலேயே எங்களை வரச் சொன்னார். அவருக்கு ஒரு விஷயம் புரியவில்லை என்றால் பேனாவைக் காதில் சொருகுவார். நேற்று இரண்டு காதிலும் பேனா.

"பன்னிரண்டு இருக்க வேண்டிய எடத்துல ஆறு இருக்கும்மா. ரத்தம் ஏத்தியே ஆகணும்."

"ஏத்துங்க சார். நான் என்ன வேண்டாம்னா சொன்னேன்?"

"எந்த ரத்தத்தை ஏத்துறது? உங்க குரூப் என்னன்னே சொல்ல முடியலை."

அப்புறம் விளக்கினார். கண்ணாடித் துண்டில் ரத்தத்தைத் தொட்டு வைத்து, ஒவ்வொரு பொட்டிலும் ஒரு மருந்து விடுவார்களாம். எந்த மருந்தில் ரத்தம் திட்டுத்திட்டாகத் திரளுகிறதோ அதை வைத்து குரூப் சொல்வார்களாம். என் ரத்தம் எல்லாப் பொட்டிலும் திரளுகிறது. மருந்தே விடாத பொட்டிலும் திரளுகிறது.

"அப்போ எல்லா குரூப்பும் எனக்குச் சொந்தக்காரங்கதான் சார்" என்றேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. "தப்பான ரத்தத்தை ஏத்தினா உயிருக்கு ஆபத்து. ஏத்தாம தள்ளிப்போட்டாலும் ஆபத்து. இன்னைக்கே போங்க" என்றார். வாசலில் நின்றிருந்த என் வீட்டுக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கேட்டால் கால் வலியாம்.

புதிதாக இரண்டு குழாய் ரத்தம் எடுத்து, தூத்துக்குடியில் இன்ன லேபில் கொடுங்கள், கையோடு அங்கேயே அட்மிட் ஆகிவிடுங்கள் என்று அனுப்பினார். பத்திரமாகக் கொண்டுபோகச் சொன்னார். எப்படிப் பத்திரமாக என்று சொல்லவில்லை. எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை. பத்திரம் எப்படி என்று எங்களுக்குச் சொல்லித்தரவும் வேண்டுமா? மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தவர் ஒரே ஓட்டமாகக் கம்பெனிக்குப் போய்ப் புது ஐஸ் பொடித்து வாங்கி வந்தார். ஏற்றுமதிக்குப் போகிற சீலா மீனுக்குப் போடுவதுபோல அடியில் ஒரு அடுக்கு, நடுவில் குழாய்கள், மேலே ஒரு அடுக்கு. பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே இருந்தார். "உருகியிருக்குமோ, உருகியிருக்குமோ" என்று மூடியைத் திறந்து திறந்து பார்த்தார். கல்யாணமான புதிதில்கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை என்று சொன்னேன். முன் சீட்டுக்காரர் சிரித்துவிட்டார்.

லேபில் இருந்த அம்மாவின் பெயர் செண்பகவல்லி. கோவில்பட்டிப் பக்கம். மூடியைத் திறந்தவர் மூக்கைத்தான் முதலில் சுருக்கினார்.

"என்னக்கா இது, மீன் வாடை?"

"வெளமீன் மேடம். நேத்து வச்சது. பெட்டியைக் கழுவித்தான் எடுத்துட்டு வந்தோம்."

"யாரு இதை ஐஸ்ல வைக்கச் சொன்னது?"

"ரத்தமும் சதை மாதிரிதான மேடம். கெட்டுப்போயிரும்லா?"

அவர் குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார். உள்ளே ரத்தம் ரத்தமாக இல்லை. கண்ணாடி ஓரமெல்லாம் மீன் சினை ஒட்டினாற்போல மணிமணியாகத் திரண்டிருந்தது. என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "நல்ல ஐஸாத்தான வாங்கிட்டு வந்தேன்" என்றார். செண்பகவல்லி மேடம் அவரை ஒரு பார்வை பார்த்தார். பாவம் இந்த மனுஷன், ஐஸைக் குறை சொல்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்.

திட்டப்போகிறார் என்று நான் பதிலுக்கு ஒன்றைத் தயாராக வைத்திருந்தேன். அவர் திட்டவில்லை. குழாயை உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டு நின்றார். எவ்வளவோ நேரம். பிறகு கையைத் திறந்து காட்டினார். மணியெல்லாம் கரைந்து, மற்றவர்கள் ரத்தம்போலவே நல்ல ரத்தமாக ஆடியது.

"உங்களுக்கு என்னக்கா தொழில்?"

பக்கத்தில் வரிசையில் ஆள் இருந்தது. இருந்தால் என்ன. "மீன் வியாபாரம். இருபத்தஞ்சு வருஷமா ஐஸுக்குள்ளதான் மேடம் கை" என்றேன். ஒருத்தி நகர்ந்து உட்கார்ந்தாள். நகர்ந்ததும் எனக்கு உட்கார இடம் கிடைத்தது.

மேடம் டாக்டர் நவநீதனுக்கு போன் போட்டார். "சார், அவங்க மீன் வியாபாரி சார். உங்ககிட்ட சொல்லலையா?" என்பது எனக்குக் கேட்டது. அந்தப் பக்கம் பேனா கீழே விழுந்திருக்கும்.

அப்புறம் அங்கேயே மறுபடி ரத்தம் எடுத்தார்கள். எடுத்த குழாயை நேரே வெந்நீர்ச் சட்டியில் இறக்கிவிட்டார்கள், பச்சைப்பிள்ளையைக் குளிப்பாட்டுவதுபோல. சூடு மாறாமல் பரிசோதித்ததில் குரூப் தெரிந்துவிட்டது. பி பாசிட்டிவ். இவ்வளவு அல்லாடியதற்கு அபூர்வமாக ஒன்று வரும் என்று நினைத்தேன். தெருவில் பாதிப்பேருக்கு அதுதானாம்.

டிசம்பர் 9

ரத்தம் ஏறுகிறது. குழாய் ஒரு சின்ன வெந்நீர்ப் பெட்டிக்குள் நுழைந்து வெளியே வந்துதான் என் கைக்கு வருகிறது. ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, எனக்கு ரெண்டு கம்பளி. என் வீட்டுக்காரருக்கு வியர்த்து ஒழுகுகிறது. ஐஸ் கம்பெனிக்காரர் இப்படி வேகிறதைப் பார்க்க எனக்கு நன்றாகத்தான் இருக்கிறது.

டிசம்பர் 11

செண்பகவல்லி மேடத்திடம் கெஞ்சிக் கேட்டு, லேபில் இருக்கிற பூதக்கண்ணாடியில் என் ரத்தத்தைப் பார்த்துவிட்டேன். "பாத்து என்னக்கா பண்ணப் போறீங்க?" என்றார். என் ரத்தத்தை எல்லோரும் பார்த்தாச்சு, நான் மட்டும் பார்க்கவில்லையே என்றேன்.

ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கவேண்டும். முதலில் என் இமைதான் தெரிந்தது. அப்புறம் தெரிந்தது. வட்டவட்டமாக, பொட்டுப்பொட்டாக. ஆனால் தனித்தனியாக இல்லை. ஏலக்காரர் கூடையைக் கவிழ்த்ததும் நாங்கள் பொம்பளைகள் சுற்றி மொய்ப்போமே, தோளோடு தோள் நெருக்கி, எவள் தலை எவளுடையது என்று தெரியாமல். அப்படி மொய்த்துக் கிடந்தன. மேடம் அந்தக் கண்ணாடித் துண்டை எடுத்துச் சூடு காட்டி மறுபடி வைத்தார். இப்போது ஏலம் முடிந்தாற்போல எல்லாம் அவரவர் வழியே போய்விட்டன.

"இதுங்க ஏன் மேடம் இப்படி ஒண்ணோட ஒண்ணு ஒட்டுது?"

"கிருமி வந்தா பிடிக்கறதுக்குன்னு உடம்புல ஒண்ணு ஊறும்க்கா. உங்களுக்கு ஊறுனது, குளிர் பட்டா உங்க ரத்த அணுவையே பிடிச்சுக் கட்டுது. சூடு பட்டா விட்டுருது."

"விட்டுருதுல்லா? அப்புறம் என்ன?"

"பிடிச்ச அடையாளம் அணு மேல இருக்கும்க்கா. அந்த அடையாளத்தைப் பாத்து ஈரல் அதுங்களை அழிச்சிரும். கொஞ்சம் ரத்தத்துலயே உடைஞ்சும் போகும். அதான் ஒண்ணுக்கு அந்த நிறம்."

குறைந்த ரத்தம் எங்கே போகிறது என்று இப்போது தெரிந்துவிட்டது. என் காவல்காரனே என்னைப் பிடித்துக் கொடுத்திருக்கிறான். இது மட்டும் முன்னாலேயே தெரிந்திருந்தால் அந்தக் கீழாநெல்லியைக் குடித்திருக்கவே மாட்டேன்.

இன்னும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். சரி என்றார். படி இறங்கும்போது என் வீட்டுக்காரர் என் முழங்கையை விடவே இல்லை. நான் என்ன ஓடியா போய்விடுவேன்?

டிசம்பர் 14

வீடு. டாக்டர் நவநீதன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், இல்லாவிட்டால் மைனி மாற்றிச் சொல்லிவிடுவார். இந்த மாதிரி ரத்தம் திரளுவது ரெண்டு வகையாம். சளி, காய்ச்சல் வந்த பின்னாடி வந்தால் கொஞ்ச வாரத்தில் தானாகப் போய்விடும். எனக்கு ஐப்பசியில் நெஞ்சுச்சளி இருந்தது. அந்த வகையாக இல்லாவிட்டால் இருந்துகொண்டே இருக்கும். அதற்குப் பின்னால் வேறு ஏதாவது இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டுமாம்.

"வேறன்னா என்ன சார்?"

"பாத்துட்டுச் சொல்றேன்மா."

"இப்ப இது போகுமா, இருக்குமா? ஒண்ணு சொல்லுங்க."

"பிப்ரவரியில திரும்பப் பாத்தாத்தான் சொல்ல முடியும். அதுவரைக்கும் ஐஸ்ல கை வைக்கக் கூடாது."

மீன் விலை கேட்டால் நான் உடனே சொல்வேன். இவ்வளவு படித்தவர் பிப்ரவரி என்கிறார்.

டிசம்பர் 17

கம்பெனியிலிருந்து வந்ததும் என் வீட்டுக்காரர் நேரே அடுப்படிக்குப் போய்விடுகிறார். பசியாக்கும் என்று நினைத்தேன். இன்று பார்த்தால் தணலுக்கு மேலே ரெண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிற்கிறார். நன்றாகச் சூடேறின பிறகுதான் வந்து என் நெற்றியைத் தொட்டார். கருகின வாடை அடித்தது. "ரோமம் பொசுங்கிட்டு, இனி உங்களை எவளும் பாக்க மாட்டா" என்றேன்.

டிசம்பர் 24

அச்சுமுறுக்கு சுட்டேன். அடுப்பு முன்னால் எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் கேட்பார் இல்லை, டாக்டரே சூட்டில் இருக்கச் சொல்லிவிட்டார். பூசைக்குக் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு போனேன். குடிலில் இருந்த ஆட்டுக்குட்டியைவிட எனக்குத்தான் கம்பளி அதிகம் என்று மைனி சொன்னார். இதை நான் அல்லவா சொல்லியிருக்க வேண்டும். அசந்துவிட்டேன்.

ஜனவரி 6

மார்க்கெட்டில் என் மீன் கடைக்குப் போனேன். ரப்பர் கையுறை, உள்ளே கம்பளிக் கையுறை. ஐஸில் கை வைக்கவில்லை, கையுறைதான் வைத்தது. என் வீட்டுக்காரர் கம்பெனிக்குப் போன பிறகு போய், வருவதற்குள் வந்துவிட்டேன்.

சாளை நன்றாக விற்றது.

ஜனவரி 9

விரல் நுனியில் கொஞ்சம் நீலம். சும்மா கொஞ்சம்.

ஜனவரி 10

விளக்குப் போடவில்லை.

ஜனவரி 15

மாத ரத்தப் பரிசோதனை. ஒன்பதுக்கு மேலே ஏறியிருந்தது ஏழரைக்கு வந்துவிட்டது. டாக்டர் என் கையை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் கையுறை ரெண்டையும் எடுத்துக் கொடியில் காயப்போட்டார். அவ்வளவுதான். அதற்கு ஒரு அடி அடித்திருக்கலாம்.

ஜனவரி 21

தூத்துக்குடி. இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்தார்கள். ஊசி என்று சொல்லக்கூடாது, ஐஸ் குத்துகிற கம்பி மாதிரி இருந்தது. வலிக்கும்போது கத்துங்கள் என்றார்கள். ஏலத்தில் கத்துகிற மாதிரிக் கத்தினேன். வெளியே இருந்த என் வீட்டுக்காரர் கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டார். அவரை வெளியேற்ற ரெண்டு பேர் வேண்டியிருந்தது.

இதில் என்ன பார்க்கிறார்கள் என்று செண்பகவல்லி மேடத்திடம் கேட்டேன். ரத்தம் ஊறுகிற இடம்க்கா, அங்கே கெட்டது எதுவும் வளருதான்னு பாக்காங்க என்றார். கெட்டது என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. எல்லாவற்றையும் கேட்கிறவளுக்கு அதை மட்டும் கேட்கத் தோன்றவில்லை.

ஜனவரி 22

இன்று எழுத ஒன்றும் இல்லை.

ஜனவரி 23

இன்றும்.

பிப்ரவரி 3

சொல்லிவிட்டார்கள்.

டாக்டர் நவநீதன் பேனாவைக் காதில் வைக்கவில்லை, சட்டைப் பையில் வைத்திருந்தார். அதைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, இன்றைக்குப் பதில் இருக்கிறது என்று.

"நேராச் சொல்லட்டுமாம்மா?"

"ரெண்டு மாசமா அதைத்தான சார் கேக்கேன்."

"புற்று இல்லை. மஜ்ஜையில சின்னதா ஒரு மாற்றம் இருக்கு. அதை அப்பப்போ பாத்துக்கிட்டே இருக்கணும். அதுதான் இந்த ஒட்டுற பொருளை உண்டாக்குது. சளியால வந்தது இல்லை. அதனால இது போகாது. கூடவே இருக்கும். ரத்தம் ரொம்பக் குறைஞ்சா அதுக்கு மருந்து இருக்கு, தூத்துக்குடியில பெரிய டாக்டர்கிட்ட போய் ஏத்திக்கலாம். குளிர்ல போகாம இருந்தா அந்த மருந்தே தேவைப்படாம ரொம்ப காலம் ஓட்டலாம்."

"ஐஸு?"

"தொடவே கூடாது. கையுறை போட்டும் கூடாது."

கேட்டதற்குத் தெளிவாகச் சொல்லிவிட்டார். நன்றி சொன்னேன். வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்தோம். என் வீட்டுக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார், ரெண்டு மாத வியர்வையையும் அங்கேயே துடைத்து முடிக்கிறவர்போல. புற்று இல்லை, புற்று இல்லை என்று அவர் வாய் அசைந்தது. நான் அதைக் கேட்டமாதிரியே இல்லை. ஐஸ் இல்லாமல் மீன் விற்பது எப்படி என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 5

மைனி வந்தார்.

"ஏட்டி, எங்கூட வந்து கருவாட்டைக் காயப்போடு. வெயில்லதான் வேலை. ஒன் நோய்க்கு அதுதான் சரி."

சரிதான். வெயில், சுடுமணல், உப்பு. டாக்டரே எழுதிக் கொடுத்த மருந்து மாதிரி. ஆனால் கருவாட்டுக்கு ஏலம் இல்லை. கூடை கவிழ்ந்ததும் வயிற்றைப் புரட்டிப் பார்த்து, செவுளைத் தூக்கிப் பார்த்து, ஒரு மூச்சில் விலை கேட்டு, அடுத்தவள் வாய் திறப்பதற்குள் முடிக்கிற அந்த நேரம் இல்லை. கருவாடு நாளைக்கும் அப்படியே இருக்கும். எனக்கு இன்றைக்கே விற்றாக வேண்டிய சரக்குத்தான் பிடிக்கும்.

"யோசிக்கேன் மைனி" என்றேன். கிண்டல் பண்ணாமல் சொன்னதால் பயந்துபோய் என் கழுத்தைத் தொட்டுக் காய்ச்சல் பார்த்தார்.

பிப்ரவரி 10

விடிகாலையில் என் வீட்டுக்காரர் எழுப்பினார். கம்பளித் தொப்பியை மாட்டிவிட்டார். ஐஸ் பெட்டி சைக்கிளில் ஏற்கெனவே கட்டியிருந்தது. "ஏலத்துக்கு நேரமாச்சு" என்றார். அதற்குமேல் கேட்டால் பதில் வராது, எனக்குத் தெரியும்.

ஏலம் நான் எடுத்தேன். மூன்று கூடை சாளை, ஒரு கூடை நகரை மீன். எல்லோரும் என்னைப் பார்த்து, "வந்துட்டாளே" என்று கத்தினார்கள். அந்தச் சத்தத்திலேயே பாதி ரத்தம் ஊறியிருக்கும். மீனைத் தொடாமல் கம்பால் புரட்டிப் பார்த்து எடுத்தேன். ஒன்றும் சோடை போகவில்லை.

மார்க்கெட்டில்தான் விஷயம். எங்கள் ஊரில் மீன் வரிசையில் ஆம்பளை உட்கார மாட்டான். பிடிப்பது ஆம்பளை, விற்பது பொம்பளை. விற்கிற இடத்தில் ஆம்பளை வந்து நின்றாலே, பொண்டாட்டியிடம் காசு கேட்டு வந்திருக்கிறான் என்று சிரிப்பார்கள். என் வீட்டுக்காரர் பெட்டியை இறக்கினார். எனக்கு வெயில் படுகிற பக்கமாக ஒரு முக்காலி போட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, என்னுடைய பலகையில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அந்தப் பக்கம் பதினைந்து பொம்பளை, இந்தப் பக்கம் பதினைந்து பொம்பளை, நடுவில் இவர்.

வரிசை முழுக்கத் தலை திரும்பியது.

பக்கத்துக் கடை செபஸ்தியாள்தான் ஆரம்பித்தாள். "என்ன கொழுந்தனாரே, சேலை ஒண்ணு எடுத்துத் தரட்டா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் வாய் வரைக்கும் ஒன்று வந்தது, விழுங்கிவிட்டேன். இவர் காது சிவந்துபோனது. ஆனால் எழுந்திருக்கவில்லை. கையை முழங்கை வரை ஐஸுக்குள் விட்டு, சாளையை அள்ளிப் பலகையில் போட்டு அடுக்கினார். நான் அடுக்குவதைவிட நேராக அடுக்கினார்.

முதலில் வந்த டீச்சரம்மா என்ன விலை என்று அவரிடம் கேட்டார். இவர் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். அவர் அள்ளிப் போட்டார். அடுத்த ஆள். மறுபடி அதேதான். கொஞ்ச நேரத்தில் என் வாயும் அவர் கையும் ஒரே ஆளுடையது போல ஆகிவிட்டது. வெயில் முதுகில் ஏறியது. என் விரலைப் பார்த்தேன். விரல் விரல் நிறத்திலேயே இருந்தது.

கூட்டம் குறைந்தபோது கேட்டேன். "கம்பெனி வேலை?"

"சாயங்கால ஷிப்ட் மாத்திக்கிட்டேன்."

"இவளுவ இன்னைக்கு மட்டுமில்ல, தினமும் சிரிப்பாளுவ."

"சிரிக்கட்டும்."

"எத்தனை நாளைக்கு இப்படி வந்து உக்காருவிய?"

அவர் ஐஸுக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார். "டாக்டர்ட்ட நீதான கேட்ட. போகாதுன்னாருல்லா."

எனக்குப் பதில் ஒன்றும் வரவில்லை. எனக்கு! ஒன்றும் வரவில்லை. செபஸ்தியாள் வேறு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதனால், "சாளை, சாளை!" என்று கூவினேன்.